ஈரலுக்கு ஆக்கின சோறு

1

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்.

அண்ணி செல்வி.
அண்ணன் மகள் கீர்த்தனா. நர்சிங் முதல் வருஷம்.
அண்ணியின் தம்பி பாபு. ஆட்டோ ஓட்டுகிறவன்.
பாபுவின் மனைவி.
அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணனோடு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த மணி அண்ணாத்தே.
பக்கத்து வீட்டு அம்மா.
அண்ணன் ஏழுமலை. மாலை போட்ட படத்தில்.
கடைசியாக நான்.

என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆனதற்குப் பாரிவாக்கத்தில் படையல் போட்டார்கள். கிள்ளானில் இருந்து விமானம் ஏறி வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினால் அக்கம்பக்கம் பார்க்குமே என்று உள்ளே விட்டார்கள்.

என்னைப் பற்றி அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒன்று தெரியும். அண்ணனுக்கு என் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்க வந்தேன். ஈரலில் கொழுப்பு இருக்கிறது, குறைத்துக்கொண்டு வா என்றார்கள். எனக்காக அந்த வீடே எண்ணெயை நிறுத்தியது. நான் திருட்டுத்தனமாக வெளியே போய்ப் பரோட்டா தின்று கொழுப்பை ஏற்றிக்கொண்டேன். அதனால் அண்ணன் செத்தார்.

நான் பரோட்டா தின்னவில்லை. இதை இங்கே மட்டும்தான் சொல்கிறேன். பேரையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை.

2

மலேசியாவில் கிள்ளான் பக்கம் இருக்கிறேன். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டாவது வரை படிப்பு. சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறேன். நம்ம ஊர்ப் பரோட்டாவுக்கு இங்கே அதுதான் பேர். மாவு, மார்ஜரின், எண்ணெய், கல். விடியுமுன் கல் சூடேறும். மத்தியானம் வரை நின்றுகொண்டே வேலை. கிழிந்து போன ரொட்டியை மடித்து வாயில் போட்டுக்கொள்வேன். இருபது வருஷம் கிழிந்ததெல்லாம் ஈரலில் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

மனைவி சரோஜா இங்கேயே பிறந்தவள். அவள் பேரில்தான் எனக்கு விசா. புதுப்பிக்கப் போனால் அவளும் கூட வரவேண்டும். இவர் என் புருஷன்தான் என்று அவள் கவுண்டரில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் முத்திரை. இவ்வளவு வருஷம் ஆகியும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்.

பையன் ஹரி. அம்மாவிடம் மலாய் பேசுவான், போனிடம் இங்கிலீஷ் பேசுவான். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பெரியப்பாவுக்கு ஈரல் கொடுக்கப் போகிறேன் என்றேன். போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "அந்த மஞ்சக் கண்ணு அங்கிளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் குடிக்கிறவர் இல்லை. காமாலைக் கிருமி பல வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது. மாற்று ஈரல் வைத்தால்தான் உயிர் என்றார்கள். அண்ணிக்கு ரத்த வகை வேறே. பாபு குடிப்பான். கீர்த்தனாவுக்குப் பதினெட்டு ஆகவில்லை. மிச்சம் நான்தான். கடை முதலாளி இரண்டு மாசம் லீவு கொடுத்தார், அதுக்கு மேல் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் ஒத்துப்போனது. ஈரலில் கொழுப்பு அதிகம். இப்படியே வெட்டினால் உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் உதவாது என்றார் டாக்டர். எண்ணெய், நெய், கறி, சர்க்கரை எதுவும் கூடாது. உடம்பைக் குறைக்க வேண்டும். இரண்டு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கட்டிலில் படுத்தபடி சிரித்தார்.

"கறிக்கடையில ஈரல் வாங்கறப்பவே கொழுப்ப அறுத்துட்டு குடுன்னு சண்ட போட்டு வாங்குவேன். எனக்குன்னு வந்து சேந்துச்சு பாரு நைனா."

3

அன்று சாயந்தரமே அண்ணி எண்ணெய் டின், நெய் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து அந்த அடுப்பில் எனக்காகத்தான் சமையல். வீடே அதைத்தான் சாப்பிட்டது.

கடுகை வெறும் சட்டியில் வறுத்துக் குழம்பில் கொட்டினாள். தேங்காய் அரைப்பதற்குப் பதில் பொட்டுக்கடலை. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை வழித்துப் பூனைக்கு வைத்தாள். தோசைக்கல்லில் வெங்காயத்தை மட்டும் தேய்த்து வார்த்தாள். மீனை இட்லிப் பானையில் அவித்தாள். ஒருநாள் எனக்கு வடை பிடிக்கும் என்று உளுந்தை ஆட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இட்லித் தட்டில் வைத்து எடுத்தாள். அண்ணன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது வட இல்ல செல்வி. காது குத்துன இட்லி."

அண்ணி உட்பட எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது.

எண்ணெய் இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்காது. நாலு இட்லி பத்தாது. எட்டு வைப்பாள். இட்லியில் எண்ணெய் ஏது, சாப்பிடு என்பாள். சோறும் அப்படித்தான். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, வெல்லம் போட்டு. வெள்ளைச் சர்க்கரையை டாக்டர் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டாள். வெல்லம் உடம்புக்கு நல்லதுதானே. பாபு தினமும் பூந்தமல்லியில் இருந்து ஒரு பாட்டில் கரும்புச்சாறு கொண்டுவருவான். ஈரலுக்கு அதைவிட மருந்து இல்லை என்று அவன் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்களாம். அண்ணனுக்குக் குடித்தால் வாந்தி வரும். பாட்டில் முழுக்க நான் குடிப்பேன்.

அப்புறம் கீர்த்தனாவின் கேக்.

அது அப்போது பிளஸ் டூ. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. குக்கரின் ரப்பரைக் கழற்றிவிட்டு, அடியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடும். வெண்ணெய்க்குப் பதில் பிசைந்த வாழைப்பழமும் தயிரும். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. வெண்ணெய் இல்லாததால் கேக் வறண்டு போகும். அதற்குத் தேன். அப்படியும் சரியாக வரவில்லை என்று ஊறவைத்த பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கேக். நன்றாகத்தான் இருந்தது. கடையில் வாங்கினால்கூட அப்படி இருக்காது.

"இதுல கொழுப்பே இல்ல சித்தப்பா. எத்தினி வேணா துன்னு" என்று எதிரில் உட்கார்ந்துகொள்ளும். நான் முடித்தால்தான் எழுந்து போகும். அப்பாவுக்கு உயிர் என் வாய் வழியாகத்தான் போய்ச் சேர்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணனும் பார்ப்பார். அவருக்குச் சோறே இறங்காது.

"எனக்கோசரம் துன்னுடா" என்பார். தின்பேன்.

ஒரு மாசத்தில் சட்டை இறுகியது. அண்ணியிடம் சொன்னேன். போர் தண்ணியில் துவைத்தால் துணி சுருங்கும் என்றாள்.

4

ஒரு நாள் கமிட்டி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. உறுப்பு கொடுப்பவனும் வாங்குபவனும் சொந்தம்தானா என்று விசாரிக்கிற கமிட்டி. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அண்ணன் தம்பி என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். கிள்ளானில் புருஷன் என்று நிரூபித்தேன். இங்கே தம்பி என்று நிரூபித்தேன். சேர்ந்து எடுத்த போட்டோ கேட்டார்கள். அண்ணன் கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது. அதில் நான் பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியவில்லை.

யாராவது பணம் கொடுத்தார்களா என்றார்கள். இல்லை. யாராவது மிரட்டினார்களா. கதவுக்கு வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். இல்லை என்றேன். சந்தோஷமாகத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"சந்தோஷம் எதுக்கு சார்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

5

கமிட்டிக்கு அண்ணன் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் பாக்கி இருந்தது. வாங்க அம்பத்தூர் போனேன். மணி அண்ணாத்தே வாங்கித் தந்தார். திரும்பும்போது பஸ் வரவில்லை. ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பரோட்டாக் கடை. மாஸ்டர் மாவு வீசிக்கொண்டிருந்தார். போய் நின்று பார்த்தேன். பசியில் இல்லை. ஒன்றரை மாசமாகக் கை சும்மா இருக்கிறது. இருபது வருஷம் வீசிய கை.

அவர் என்னைப் பார்த்தார். நிற்கிற மாதிரியிலேயே தொழில்காரன் என்று தெரிந்துவிடும். எந்த ஊரு என்றார். கிள்ளான் என்றேன். உருண்டையைக் காட்டி, வீசறியா என்றார். கையைக் கழுவிக்கொண்டு வீசினேன். எங்கள் ஊர் வீச்சு வேறே, மெல்லிசாக வரும். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வீசியிருப்பேன். மாஸ்டர் ஒரு தட்டில் இரண்டு போட்டு நீட்டினார். வேண்டாம் என்றேன். பஸ் வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

பாபு ஆட்டோவில் இருந்து பார்த்திருக்கிறான். அன்று சட்டையைத் துவைக்கும்போது அண்ணிக்கு எண்ணெய் வாடை அடித்திருக்கிறது. இரண்டு பேருமே அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஸ்கேன் வந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார், பழையதை எடுத்துப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். குறையவில்லை, ஏறியிருக்கிறது என்றார். எடையும் ஏறியிருந்தது. வெளியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யாரும் உட்காரவில்லை.

"குடுக்க மனசு இல்லன்னா அங்கியே இருந்திருக்கலாம் இல்ல" என்றாள் அண்ணி. சத்தம் போடவில்லை. "எதுக்கு வந்து எங்க ஊட்ல குந்திகினு துன்ன?"

பரோட்டாவை வீசினேன், தின்னவில்லை என்றேன். அந்தக் கடையில் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரி இருந்தது.

பாபு சிரித்தான். "மலேசியாலருந்து வந்து ரோட்டுக் கடையில ஓசில மாவு வீசிட்டுப் போனியா மச்சான். வேற எங்கனா போயி சொல்லு."

அண்ணனிடமும் சொல்லிவிட்டார்கள். அன்று சாயந்தரம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தார். கண் முழுக்க மஞ்சள்.

"சால்னா நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நான் துன்னலண்ணா."

"சரி நைனா" என்று கண்ணை மூடிக்கொண்டார். கோபம் இல்லை. நம்பவும் இல்லை.

இன்னொரு மாசம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அந்த மாசம் முடியவில்லை.

அவருக்கு மகன் இல்லை. எங்கள் வழக்கப்படி தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றேன். பந்தலில் எல்லாரும் இருந்தார்கள்.

"ஈரலக் குடுக்காதவன் கொள்ளி வெக்க வேணாம்" என்றாள் அண்ணி.

கீர்த்தனா கொள்ளிச்சட்டியைத் தூக்கியது. நான் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தேன்.

6

கிள்ளானுக்குத் திரும்பி ரொட்டிக் கல்லில் நின்றேன். வேறு ஆள் போட்டிருந்தார்கள். பாதிச் சம்பளத்துக்கு என்னையும் வைத்துக்கொண்டார்கள்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய்க்கார நர்ஸம்மா. ஈரலைப் பற்றிச் சொன்னேன். ஊரில் இரண்டு மாசம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். எண்ணெயே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். சரி, என்ன சாப்பிட்டாய் என்றார். எட்டு இட்லி, சோறு, வெல்லம் போட்ட கஞ்சி, கரும்புச்சாறு, நாட்டுச்சர்க்கரை கேக், தேன், பேரீச்சம்பழம். எனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

இதெல்லாமே சர்க்கரைதான் என்றார். வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் உள்ளே போய் ஈரலில் கொழுப்பாகத்தான் படியும். எண்ணெயை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இனிப்பை வைத்திருக்கிறார்கள். சும்மா உட்காரவும் வைத்திருக்கிறார்கள். யார் சமைத்தார்கள் என்று கேட்டார்.

வீட்டில் என்றேன்.

இனிப்பை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கினேன். மற்றபடி அதே கல், அதே மார்ஜரின். சரோஜா கடையில் இருந்து கொழுப்பு குறைந்தது என்று அட்டையில் போட்ட பிஸ்கட் வாங்கி வருவாள். நான் தொடுவதில்லை. ஹரி தின்பான். ஏன் என்று கேட்க மாட்டான், நானும் சொல்லவில்லை.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு அநேகமாக இல்லை. நர்ஸம்மா கையைக் குலுக்கினார். இப்போது யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றார். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என் மேல் இருக்கிற பழி இறங்கும். இறங்கி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் குக்கருக்குப் பக்கத்தில் நின்ற பொண்ணு மேல் போகும். போன் போடவில்லை.

7

படையலன்று காலையில் நான் பின்பக்கம் தண்ணித்தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே அண்ணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு எண்ணெய் திரும்பி வந்திருந்தது.

கீர்த்தனா வந்தது. ஒரு வருஷமாக என்னோடு பேசாத பொண்ணு. இளைத்திருந்தது. நகத்தையெல்லாம் கடித்து வைத்திருந்தது.

"சித்தப்பா, ஒண்ணு கேட்டா நெஜத்த சொல்லுவியா?"

கேள் என்றேன்.

காலேஜில் பாடம் நடந்ததாம். ஈரலில் கொழுப்பு எப்படிப் படிகிறது என்று மேடம் சொன்னார்களாம். எண்ணெய் மட்டும் இல்லை, சர்க்கரை, வெல்லம், ஜூஸ் எல்லாமே என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அப்புறம் நிமிர்ந்தது.

"நீ அந்தப் பரோட்டாவ துன்னியா, துன்னலியா? துன்னலன்னா, அப்போ என் கேக்குதான?"

உள்ளே எண்ணெயில் வடை விழுகிற சத்தம் கேட்டது.

"துன்னேன்" என்றேன்.

"எத்தினி?"

"தெனம் நாலு. சால்னாவோட. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது ஒரு நாளுதான்."

அதன் தோள் இறங்கியது. ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது. எனக்கு அது போதும் என்று இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. நான் பெற்ற பையன்கூட என்னைப் பார்ப்பதில்லை. இது பார்த்தது. இப்படிப் பார்ப்பதற்கு ஹரி மாதிரி பார்க்காமலே இருக்கலாம்.

"எங்கப்பா உன் வாயையே பாத்துகினு கெடந்தாரு" என்றது. "நான் சுட்டுக் குடுத்ததையும் துன்னுட்டு, அதையும் போயி துன்னியா?"

ஆமாம் என்றேன். காறித் துப்பியது. என் காலுக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வடை சத்தம் நின்றது.

படைத்து முடித்தார்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் கறிக்குழம்பு, ஈரல் வறுவல், வடை, ஒரு பீடிக்கட்டு. எல்லாரும் கும்பிட்டோம். இலை போட்டார்கள். என் இலை வாசல் ஓரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். எல்லாருக்கும் சோறு வைத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தாள் அண்ணி. எனக்குச் சோறு மட்டும் வைத்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள்.

வடை சுட்ட சட்டியைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்டியால் எண்ணெயை மொண்டு என் சோற்றில் ஊற்றினாள். ஆறியிருந்தது, வெதுவெதுப்பாக. கருகிய உளுந்து அதில் மிதந்தது.

"துன்னு சேகரு. இன்னிக்கி ஒளிஞ்சிகினு போயி துன்ன வேணாம்."

பாபு சிரித்தான். மணி அண்ணாத்தே, "உடும்மா செல்வி, சாப்புடற எடத்துல" என்று இழுத்தார். அண்ணி மறுபடி மொண்டாள். எண்ணெய் இலையை விட்டு வழிந்து தரையில் ஓடி ஒரு செருப்பைத் தொட்டது. பக்கத்து வீட்டு அம்மா எழுந்து போய்விட்டார். கீர்த்தனா தண்ணிச் சொம்போடு சுவரில் சாய்ந்து நின்றது. போதும்மா என்று அது ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி நிறுத்தியிருப்பாள். சொல்லவில்லை. முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. நன்றாகத் தூங்கும் என்று நினைத்தேன்.

நான் பிசைந்து சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட ஊற்றினாள். சட்டி காலியாகும் வரை ஊற்றினாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஏழு கரண்டி.